வால்ட்ஸ்: ஒரே பெயரில் இரண்டு நடனங்கள் வந்த கதை

2025 மே 31 அன்று, ஸ்பெயினின் செப்ரெரோஸில் இருக்கும் பெரிய ஆன்டெனாவிலிருந்து ஐரோப்பிய விண்வெளி முகமை ஓர் இசைக்கோவையை வானத்துக்கு அனுப்பியது. வியன்னா சிம்பொனி இசைக்குழு வாசித்த 'நீல டான்யூப்' வால்ட்ஸ். வாயேஜர் 1 விண்கலம் போய்க்கொண்டிருக்கும் திசைதான் குறி. முகமைக்கு 50 வயது. இசையை எழுதிய இரண்டாம் யோஹான் ஸ்ட்ராஸ் பிறந்து 200 ஆண்டு. இரண்டையும் சேர்த்துக் கொண்டாடிவிட்டார்கள்.

செய்தியைப் படித்துவிட்டு வால்ட்ஸ் என்றால் என்னவென்று யூடியூபில் தேடியவர்களுக்கு ஒரு குழப்பம் காத்திருந்திருக்கும். ஒரு வீடியோவில் ஜோடிகள் பம்பரம் மாதிரி நிற்காமல் சுற்றுகிறார்கள். அடுத்ததில், அலையில் படகு ஏறி இறங்குவதுபோல் நிதானமாக நகர்கிறார்கள், நடுவே நின்று உடலை வளைத்துக் காட்டுகிறார்கள். மூன்றாவதில் யாரும் ஆடவே இல்லை. நூறு பேர் உட்கார்ந்து வயலின் வாசிக்கிறார்கள். மூன்றுக்கும் தலைப்பு வால்ட்ஸ்.

தலைப்புகள் சரிதான். ஒரு பெயருக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன என்பதுதான் சிக்கல். அவை எப்படிப் பிரிந்தன என்று பார்க்க வேண்டுமானால் எண்ணிக்கையிலிருந்து தொடங்க வேண்டும்.

எதை வால்ட்ஸ் என்கிறோம்?

1. இசை வடிவம். மூன்று தட்டுகள் கொண்ட இசை. ஆடுவதற்காகப் பிறந்தது, பிறகு கச்சேரி மேடைக்கும் பாலே அரங்குக்கும் சினிமாவுக்கும் போனது.

2. வியன்னா வால்ட்ஸ். வேகமாக, ஏறக்குறைய இடைவிடாமல் சுழலும் ஜோடி நடனம். வயதில் மூத்தது இதுதான்.

3. ஸ்லோ வால்ட்ஸ். வேகத்தில் அதில் சரிபாதி. 1920-களில் இங்கிலாந்தில் உருவம் பெற்றது. சில நாடுகளில் இதை இங்கிலீஷ் வால்ட்ஸ் என்றே சொல்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பால்ரூம் (மண்டப ஜோடி நடன) போட்டிகளில் அடைமொழி இல்லாமல் 'வால்ட்ஸ்' என்று அறிவித்தால் அது இளையவனான ஸ்லோ வால்ட்ஸைக் குறிக்கும். மூத்தவனுக்குத்தான் 'வியன்னா' என்ற முன்னொட்டு வேண்டியிருக்கிறது. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் நிலைமை நேர் எதிர்: வெறும் 'வால்ட்சர்' என்றால் சுழலும் பழைய நடனம், மற்றது 'மெது வால்ட்சர்'. எந்த ஊர்க்காரரோடு பேசுகிறோம் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும்.

மூன்று என்ற கணக்கு செய்யும் வேலை

கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியம் இல்லை. திஸ்ர நடையில் 'தகிட தகிட' என்று சொல்வோமே, அதே மூன்றுதான். ஆனால் ஒரு வித்தியாசம். வால்ட்ஸில் மூன்று தட்டுக்கும் சம மதிப்பு இல்லை. முதல் தட்டில் கனமான கீழ்ச்சுரம் விழும். இரண்டிலும் மூன்றிலும் மற்ற வாத்தியங்கள் லேசாகத் தொட்டுவிட்டுப் போகும். 'தூம் சக் சக், தூம் சக் சக்' என்று வாயால் சொல்லிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். இந்த மூன்று தட்டுகள் சேர்ந்த ஒரு தொகுப்பை 'பார்' என்கிறார்கள்.

இப்போது காலுக்கு வருவோம். ஒரு தட்டுக்கு ஒரு அடி வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு தட்டு இசையில் வலது, இடது, வலது, இடது. அடுத்த பார் மறுபடி வலது காலில் தொடங்கும். எப்போதும் அதே கால்தான். மூன்று தட்டில் அப்படி நடக்காது. வலது, இடது, வலது என்று முடிந்தால் அடுத்த பார் இடது காலில்தான் தொடங்கியாக வேண்டும். ஒற்றைப்படை எண் என்பதால் ஒவ்வொரு பாரிலும் கால் மாறிக்கொண்டே இருக்கும். ஆறு அடி வைத்த பிறகுதான் ஆரம்பித்த காலுக்குத் திரும்புவோம்.

சுழற்சியின் சூட்சுமம் இந்த ஆறில் இருக்கிறது. எதிரெதிரே நிற்கும் ஜோடியில் முதல் பாரில் ஆண் முன்னே அடி வைத்தால் பெண் பின்னே வைப்பார். இருவரும் சேர்ந்து அரைச்சுற்று திரும்புவார்கள். இப்போது இடம் மாறிவிட்டது, காலும் மாறிவிட்டது. அடுத்த பாரில் பெண் முன்னே, ஆண் பின்னே, மீதி அரைச்சுற்று. இரண்டு பாரில் ஒரு முழுச்சுற்று முடிந்தது, இருவரும் தொடங்கிய காலிலேயே மறுபடி தயார். எங்கேயும் தட்டைத் தவறவிட வேண்டாம், காலைத் திருத்திக்கொள்ள வேண்டாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சுற்றலாம். இந்தக் கணக்கை யாரும் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. கிராமத்து ஆட்டத்தில் கால்களே கண்டுபிடித்தவை.

கட்டிப்பிடிப்பதும் இதே கணக்கின் விளைவுதான். இரண்டு பேர் ஒரு பொது மையத்தைச் சுற்றி வேகமாகச் சுழன்றால் இருவரையும் வெளியே தள்ளும் இழுப்பு உண்டாகும். கையை மட்டும் நீட்டிப் பிடித்துக்கொண்டால் பிய்த்துக்கொண்டு போவார்கள். அதனால் ஆணின் வலது கை பெண்ணின் முதுகில், தோள்பட்டை எலும்பின்மேல். பெண்ணின் இடது கை அவருடைய மேல்கையில். மற்ற இரண்டு கைகளும் கோத்தபடி பக்கவாட்டில். இந்தப் பிடியை 'ஃபிரேம்' என்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது காதல். ஆடுபவர்களுக்கு அது முதலில் அச்சாணி.

ஆணி பூட்ஸும் மெழுகுத் தரையும்

'வால்ட்சென்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு உருளுதல், சுழலுதல் என்று பொருள். ஆஸ்திரியாவிலும் தெற்கு ஜெர்மனியிலும் 18-ம் நூற்றாண்டில் மூன்று தட்டில் சுற்றி ஆடும் கிராமத்து நடனங்கள் பல இருந்தன. லேண்ட்லர், ட்ரேயர், 'ஜெர்மன் நடனம்' என்று ஊருக்கு ஒரு பெயர். கனமான பூட்ஸ், கரடுமுரடான தரை. அதனால் குதிப்பும் காலால் உதைப்பும் அதிகம். பிரான்சின் பழைய வோல்தா நடனம்தான் மூலம் என்று வாதாடுபவர்களும் உண்டு. ஆனால் சொல்லும் இசையும் கால்வேலையும் ஆல்ப்ஸ் பக்கம்தான் கைகாட்டுகின்றன.

அதே காலத்தில் அரண்மனைகளில் ஆடப்பட்டது மினுவே. அதுவும் மூன்று தட்டுதான்! ஆனால் ஆடும் விதம் வேறு. ஒரு ஜோடி ஆட, மற்றவர்கள் தங்கள் அந்தஸ்து வரிசைப்படி காத்திருப்பார்கள். விரல் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டு, சபையைப் பார்த்து வணங்கி, வரைந்து வைத்த கோட்டில் நடப்பார்கள். ஒழுங்காக ஆடப் பல வருடப் பயிற்சி வேண்டும்.

இந்த இரண்டு உலகங்களையும் ஒரே மேடையில் வைத்துக் காட்டியவர் மொட்சார்ட். 1787-ல் பிராக் நகரில் அரங்கேறிய 'டான் ஜொவான்னி' ஓபெராவின் முதல் அங்க முடிவில் ஒரு விருந்துக் காட்சி வருகிறது. மேடையில் மூன்று சிறிய இசைக்குழுக்கள் ஒரே சமயத்தில் மூன்று வேறு நடனங்களை வாசிக்கின்றன. உயர்குடியினரான டொன்னா அன்னாவும் டான் ஒட்டாவியோவும் மினுவே ஆடுகிறார்கள். பிரபு ஜொவான்னி, தான் மயக்கப் பார்க்கும் கிராமத்துப் பெண் செர்லீனாவோடு நடுத்தர வர்க்கத்தினரின் கான்ட்ரடான்ஸ் ஆடுகிறான். அவன் வேலைக்காரன் லெபொரெல்லோ, செர்லீனாவைக் கட்டிக்கொள்ளப்போகும் மசெட்டோவை வலுக்கட்டாயமாக இழுத்து ஆடுவது ஜெர்மன் நடனம், அதாவது வால்ட்ஸின் நேரடி மூதாதை. யார் எந்த நடனம் ஆடுகிறார் என்பதிலேயே அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பது தெரிந்துவிடும். அன்றைய பார்வையாளர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த இருபது, முப்பது வருடங்களில் அந்தப் படிகள் சரிந்தன. கீழ்ப்படி நடனம் மேலே ஏறியது. ஏறும்போது உருவம் மாறியது: நகரத்து மண்டபங்களில் மெழுகு பூசி வழுவழுப்பாக்கிய மரத்தரை, காலில் மெல்லிய ஷூ. குதிக்கத் தேவையில்லை, வழுக்கிக்கொண்டே போகலாம். உராய்வு குறைந்ததால் வேகம் கூடியது. லேண்ட்லரும் வால்ட்ஸும் பிரிந்தது இந்தத் தரையில்தான் என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

வியன்னா இதற்குத் தலைநகரம் ஆனது. ஸ்பேர்ல், அப்போலோ போன்ற பிரம்மாண்ட நடன மண்டபங்கள் 1807, 1808-ல் திறக்கப்பட்டன. கட்டணம் கொடுத்தால் யாரும் உள்ளே போகலாம். அதற்கும் முன்னால், 1780-களில் அங்கே இருந்த அயர்லாந்துப் பாடகர் மைக்கேல் கெல்லி, வியன்னாப் பெண்கள் இரவு பத்து மணிக்குத் தொடங்கி காலை ஏழு வரை அலுக்காமல் வால்ட்ஸ் ஆடுவதாகத் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். தனக்கு அது தலைசுற்றும் சலிப்பு என்றும் சேர்த்துக்கொண்டார். நெப்போலியனுக்குப் பிறகு ஐரோப்பாவைப் பங்குபோட 1814-15-ல் மன்னர்களும் தூதர்களும் வியன்னாவில் கூடியபோது, "மாநாடு ஆடுகிறது, ஆனால் நகரவில்லை" என்று லீன்ய் இளவரசர் கிண்டலடித்தார். மாநாடு முடிந்து ஊருக்குத் திரும்பியவர்களின் பெட்டியில் வால்ட்ஸும் போனது.

அவ்வளவு கோபம் ஏன்?

ஜெர்மன் எழுத்தாளர் கெதேயின் 'இளம் வெர்தரின் துயரங்கள்' நாவல் 1774-ல் வெளிவந்தது. அதில் வெர்தர், லோட்டேயோடு வால்ட்ஸ் ஆடுகிறான். அந்த அனுபவத்தில் அவன் எடுக்கும் முடிவு: தான் காதலிக்கும் பெண் தன்னைத் தவிர வேறு யாருடனும் வால்ட்ஸ் ஆடவே கூடாது! நடனத்தின் எதிரிகள் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். ஆடியவனுக்கும் திட்டியவனுக்கும் அது என்ன செய்யும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

லண்டனில் சண்டை உச்சத்துக்குப் போனது. சொந்த வாழ்க்கையில் ஒழுக்கசீலர் என்று யாரும் சொல்ல முடியாத கவிஞர் பைரன், 1813-ல் புனைபெயரில் வால்ட்ஸைக் கேலி செய்து ஒரு நீண்ட கவிதை வெளியிட்டார். அவருக்குப் பிறவியிலேயே கால் ஊனம், ஆட முடியாது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு அதைப் படிக்கலாம். 1816 ஜூலையில், மன்னருக்குப் பதிலாக ஆட்சி நடத்திய இளவரசர் கொடுத்த விருந்தில் வால்ட்ஸ் இடம்பெற்றதும் 'தி டைம்ஸ்' பத்திரிகை கொதித்தது. விலைமாதர்களோடு நிற்க வேண்டிய அநாகரிக அந்நிய நடனம் அரசவைக்குள் வந்துவிட்டது, எந்தத் தகப்பனும் தன் மகளை இதற்கு விடக் கூடாது என்ற தொனியில் எழுதியது.

வெளியே சொன்ன காரணம் ஒழுக்கம். உள்ளே வேறு காரணங்களும் இருந்தன.

1. சபை மறைந்துபோனது. மினுவேயில் ஜோடி சபைக்காக ஆடியது. வால்ட்ஸில் ஜோடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சுற்றுகிறது; சபைக்கு மாறி மாறித் தெரிவது இருவரின் முதுகு. கண்காணிக்க உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு இது பிடிக்குமா?

2. வரிசை மறைந்துபோனது. எல்லா ஜோடிகளும் ஒரே நேரத்தில் தரையில். கோமகனும் வணிகரின் மகனும் அடுத்தடுத்து சுற்றுகிறார்கள். யார் முதலில் என்ற கேள்விக்கே இடமில்லை.

3. ஆசிரியர்களின் பிழைப்பு. மினுவே கற்றுக்கொள்ள வருடக்கணக்கில் நடன ஆசிரியருக்குக் கட்டணம் கட்ட வேண்டும். வால்ட்ஸின் அடிப்படையைச் சில நாளில் பிடித்துவிடலாம். ஆசிரியர்கள் எதிர்த்ததில் வியப்பில்லை. அவர்களில் விவரமானவர்கள் கட்சி மாறினார்கள்: அதே 1816-ல் லண்டன் நடன ஆசிரியர் தாமஸ் வில்சன், வால்ட்ஸைச் 'சரியாக' ஆடும் முறை பற்றி ஒரு புத்தகமே போட்டார்.

சண்டையை முடித்துவைத்தது வாதம் அல்ல, அந்தஸ்து. லண்டனின் ஆல்மாக்ஸ் மண்டபத்தில் யாரை அனுமதிப்பது என்று முடிவு செய்தவர்கள் சில உயர்குடிப் பெண்கள். அவர்களில் ஒருவர் ரஷ்யத் தூதரின் மனைவி டொரோதியா லீவன். அவர் போன்றவர்களே ஆடத் தொடங்கிய பிறகு, அநாகரிகம் என்று சொல்பவர்தான் அநாகரிகமானவர் ஆகிவிடுவார். பின்னாளில் விக்டோரியா அரசியே வால்ட்ஸ் பிரியை.

ஸ்ட்ராஸ் காலம்: ஆட்டத்தைக் கடந்த இசை

வியன்னாவில் யோசெப் லானரும் (1801-1843) முதலாம் யோஹான் ஸ்ட்ராஸும் (1804-1849) முதலில் ஒரே குழுவில் வாசித்தார்கள், பிறகு பிரிந்து போட்டியாளர்கள் ஆனார்கள். இருவரும் நடன மண்டபத்துக்குத் தேவையான இசையைச் சளைக்காமல் எழுதித் தள்ளினார்கள். ஸ்ட்ராஸ் தன் மகன் இசைக்கு வருவதை விரும்பவில்லை. மகன் கேட்கவில்லை. 1844 அக்டோபரில், வியன்னாவை ஒட்டிய ஹீட்சிங்கில் இருந்த டோமாயர் விடுதியில் 18 வயது இரண்டாம் யோஹான் தன் சொந்தக் குழுவோடு மேடையேறினார். காலப்போக்கில் 'வால்ட்ஸ் மன்னர்' என்ற பட்டம் மகனுக்கே நிலைத்தது.

அவர் கைபட்ட பிறகு வால்ட்ஸ் ஒரு நீண்ட இசைக்கோவையாகத் தேறியது. மெதுவான முன்னுரை, பிறகு சங்கிலிபோல் நான்கைந்து சிறு வால்ட்ஸ்கள், கடைசியில் பழைய மெட்டுகளை நினைவூட்டும் முடிவுரை. முன்னுரைக்கு நடைமுறைப் பயனும் உண்டு: துணையைத் தேடிப்பிடித்து, தரைக்கு வந்து, கைகோத்து நிற்க நேரம் கிடைக்கும். 'நீல டான்யூப்' இந்த அமைப்புக்கு நல்ல உதாரணம். 1867 பிப்ரவரி 15 அன்று வியன்னாவின் டயானா மண்டபத்தில் முதலில் அரங்கேறியபோது அது ஆண்கள் பாடகர் குழு பாடிய பாட்டு. அதற்கு முந்தின வருடம்தான் ஆஸ்திரியா பிரஷ்யாவிடம் போரில் தோற்றிருந்தது. பாட்டின் வரிகளோ நகைச்சுவை ரகம். இன்று அந்த வரிகளை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு, மெட்டை அறியாதவர்கள் அதைவிடக் குறைவு.

வியன்னா குழுக்களிடம் ஒரு தனி வழக்கம் உண்டு. அவர்கள் இரண்டாவது தட்டைச் சற்று முந்தி வாசிப்பார்கள். மூன்று தட்டும் கடிகாரம்போல் சம இடைவெளியில் விழாது. இரண்டாவது கொஞ்சம் அவசரப்படும், மூன்றாவதுக்கு முன் ஒரு நூலிழை இடைவெளி. எவ்வளவு முந்துவது என்று தாளில் எழுதிவைக்க முடியாது. வேறு ஊர்க் குழுக்கள் இதை அப்படியே நகலெடுக்க முயன்றால் பெரும்பாலும் தடுக்கி விழுந்த மாதிரிதான் கேட்கும்.

கச்சேரி மேடைக்கான பாதை இதற்கு முன்பே திறந்திருந்தது. ஜெர்மன் இசையமைப்பாளர் வேபர் 1819-லேயே உட்கார்ந்து கேட்பதற்கென்று பியானோவில் ஒரு வால்ட்ஸ் எழுதினார். அதன்பின் ஷோப்பான், சைகோவ்ஸ்கி, ராவெல் என்று பட்டியல் நீளும். ஷோப்பானின் பல வால்ட்ஸ்களுக்கு ஆட முயன்றால் மூச்சு வாங்கும், அல்லது கால் சிக்கும். அவை ஆட்டத்தைப் பற்றிய இசை, ஆட்டத்துக்கான இசை அல்ல. வீடியோக்களில் கண்ட மூன்றாவது வகை இங்கிருந்து வந்தது.

வேகம் பாதியானது எப்படி?

ஸ்லோ வால்ட்ஸ் என்பது வியன்னா வால்ட்ஸை மெதுவாக ஆடுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அது கடலைக் கடந்து போய்த் திரும்பி வந்தது.

அமெரிக்காவின் பாஸ்டனில் 1834-ல் லொரென்சோ பாபான்டி என்ற நடன ஆசிரியர் வால்ட்ஸ் ஆடிக் காட்டியதை அங்கே அதன் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். நாளடைவில் அந்த நாட்டில் 'பாஸ்டன்' என்றே ஒரு பாணி தோன்றியது: மெதுவான இசை, நீண்ட வழுக்கு அடிகள், குறைவான சுழற்சி. முதல் உலகப் போருக்கு முன் அது இங்கிலாந்திலும் நாகரிகமானது. போர் வந்ததும் பாணி மறைந்தது, அதன் நீண்ட அடி மட்டும் கால்களில் தங்கிவிட்டது.

கூடவே இன்னொரு மாற்றம். அதுவரை பால்ரூமில் பாலே ஆசிரியர்களின் வழிமுறைப்படி பாதங்களை வெளிப்பக்கம் திருப்பித்தான் வைப்பார்கள். அமெரிக்காவிலிருந்து ஃபாக்ஸ்டிராட் நடனம் வந்தபோது, நடக்கிற மாதிரியே பாதத்தை நேராக வைத்து ஆடலாம் என்று புரிந்தது. நேர்ப்பாதத்தில் குதிகாலை முதலில் ஊன்றி நீளமாக அடி வைக்கலாம். ஆனால் நீளமான அடிக்கு நேரம் வேண்டும், அதற்கு இசை மெதுவாக வேண்டும்.

ஜாஸ் அலையில் ஒவ்வொருவரும் மனம்போன போக்கில் ஆடத் தொடங்கியதும் லண்டன் ஆசிரியர்களுக்குக் கவலை. 'டான்சிங் டைம்ஸ்' பத்திரிகை ஆசிரியர் பிலிப் ரிச்சர்ட்சன் 1920 மே மாதம் அவர்களைக் கூட்டிப் பேசவைத்தார். அடுத்தடுத்த கூட்டங்களில் ஒவ்வொரு நடனத்துக்கும் அடிப்படை அடிகள் எழுதப்பட்டன. வால்ட்ஸுக்கு முதலில் 'வை, வை, சேர்' என்ற வரிசை. 1920-களின் பிற்பகுதியில் அது 'வை, பக்கம், சேர்' என்று மாறியது. இரண்டாவது அடி பக்கவாட்டில் போவதால் திரும்புவது சுலபம், மூன்றாவதில் கால்கள் ஒன்றுசேர்வதால் உடலை உயர்த்த முடிகிறது. இன்றுவரை ஸ்லோ வால்ட்ஸின் முதல் பாடம் இந்த மூன்று சொற்கள்தான்.

1922-ல் ஃபிலிஸ் கிளார்க்கோடு உலகப் பட்டம் வென்ற விக்டர் சில்வெஸ்டர் இதில் முக்கியமான ஆள். ரெக்கார்டுகளில் வந்த நடன இசையின் வேகம் ஆடுவதற்கு ஒத்துவரவில்லை என்று 1935-ல் தானே ஒரு குழு அமைத்தார். விதித்த வேகத்திலிருந்து இம்மி நகராத இசையைப் பதிவு செய்தார். வியன்னாவில் இசைக்காரர் வாசித்தார், ஜோடிகள் அவர் பின்னால் ஓடினார்கள். லண்டனில் ஆசிரியர்கள் அடியை முடிவு செய்தார்கள், இசை அதற்குள் அடங்கியது. என் பார்வையில் இரண்டு வால்ட்ஸ்களுக்கும் இடையிலான உண்மையான வித்தியாசம் வேகத்தைவிட இதில்தான் இருக்கிறது. ஒன்று பொழுதுபோக்காக வளர்ந்தது, மற்றது பாடத்திட்டமாக.

ஸ்லோ வால்ட்ஸில் கவனிக்க வேண்டியவை

1. ஏற்ற இறக்கம். முதல் தட்டில் முழங்கால் தளர்ந்து, உடல் தாழ்ந்து, குதிகால் ஊன்றி நீண்ட அடி. அந்தத் தட்டின் முடிவில் எழும்பத் தொடங்கி, இரண்டிலும் மூன்றிலும் பாத முன்பகுதியில் உயர்ந்துகொண்டே போய், மூன்றின் கடைசியில் மறுபடி தாழ்வார்கள். படகு அலையில் ஏறுவதுபோல் தெரிவது இதனால்தான். புதிதாகக் கற்பவர்கள் இரண்டாவது தட்டிலேயே முழு உயரத்துக்குப் போய், மூன்றாவதில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நிற்பார்கள்.

2. சாய்வு. வளைவில் சைக்கிள் ஓட்டுபவர் உட்பக்கம் சாய்வாரே, அதேபோல் திரும்பும்போது உடல் உட்பக்கம் லேசாகச் சாயும். வேகத்தை அடக்குவதும் இந்தச் சாய்வுதான்.

3. நடை வழி. எல்லா ஜோடிகளும் மண்டபத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வருகிறார்கள். போக்குவரத்து விதி மாதிரி, மீறினால் மோதல்.

4. அரைகுறைச் சுழற்சி. வலச்சுற்று என்ற அடிப்படை ஃபிகரில் (அடிவரிசையில்) ஆறு அடியில் பொதுவாக முக்கால் சுற்றுதான் திரும்புவார்கள். அதனால் பாதை நேராக இராது, குறுக்குக் கோடுகளில் போகும்.

வியன்னா வால்ட்ஸில் ஃபிகர்கள் சொற்பம்: வலச்சுற்று, இடச்சுற்று, ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற ஓர் அடிவரிசை, நின்ற இடத்திலேயே சுழலும் ஃப்ளெக்கெர்ல் என்று விரல்விட்டு எண்ணலாம். சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். சர்வதேசப் போட்டிகளில் ஸ்லோ வால்ட்ஸின் வேகம் நிமிடத்துக்கு 28 முதல் 30 பார்; வியன்னா வால்ட்ஸுக்கு 58 முதல் 60. இரண்டு பாருக்கு ஒரு சுற்று என்றால் நிமிடத்துக்கு 30 முழுச்சுற்று. இரண்டு விநாடிக்கு ஒன்று! அதுவும் முன்னே நகர்ந்துகொண்டே.

இடச்சுற்று இன்னும் கடினம். மண்டபத்தின் பாதை இடப்பக்கமாக வளைகிறது. வலப்பக்கம் சுழலும் ஜோடிக்கு மூலையில் கால்பங்குச் சுற்று குறைவாகத் திரும்பினால் போதும். இடப்பக்கம் சுழலும் ஜோடி கால்பங்குச் சுற்று கூடுதலாகத் திரும்பியாக வேண்டும், அதே நேரத்துக்குள். போதாக்குறைக்கு, முன்னே போகிறவர் மூன்றாவது தட்டில் இடது காலை வலது காலுக்கு முன்னால் குறுக்கே வைக்க வேண்டும். வியன்னாவின் பெரிய விருந்துகளில் வெள்ளை கவுன் அணிந்த இளம்பெண்கள் இடச்சுற்று வால்ட்ஸோடு நடனத்தைத் தொடங்கிவைப்பதன் பின்னால் எவ்வளவு ஒத்திகை இருக்கிறது என்பது இப்போது புரியும்.

இன்றைய வியன்னா

குளிர்காலத்தில் அந்த நகரத்தில் நூற்றுக்கணக்கான நடன விருந்துகள் நடக்கின்றன. புகழ்பெற்றது ஓபெரா அரங்கில் நடப்பது. சாம்பல் புதனுக்கு முந்தின வியாழக்கிழமை. ஆனால் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், வேட்டைக்காரர்கள், காபிக்கடை முதலாளிகள், மிட்டாய்க்காரர்கள் என்று தொழிலுக்கு ஒரு விருந்து தனித்தனியாக உண்டு. தொடக்க ஜோடிகள் ஆடி முடித்ததும் "ஆலெஸ் வால்ட்சர்!" என்று ஒரு குரல். எல்லோரும் ஆடலாம் என்று அர்த்தம். அதுவரை ஓரமாக நின்றவர்கள் தரையை நிறைப்பார்கள். வரைந்து வைத்த ஒழுங்கு ஒரு நிமிடத்தில் காணாமல் போகும்.

டிசம்பர் 31 இரவு டிக்கெட்டே தேவையில்லை. பகலிலேயே கிராபென் தெருவில் நடனப் பள்ளிக்காரர்கள் வருகிறவர்களுக்கெல்லாம் அவசர வால்ட்ஸ் வகுப்பு எடுக்கிறார்கள். நள்ளிரவில் புனித ஸ்டீபன் பேராலயத்தின் பும்மெரின் மணி அடித்து ஓய்ந்ததும் வானொலியில் 'நீல டான்யூப்' தொடங்கும். தெருவில் நிற்பவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பிப்பார்கள். கனமான கோட்டு, காலில் தடித்த குளிர்கால பூட்ஸ், கீழே கல் பாவிய தரை. வழுக்கிக்கொண்டு போக வழியில்லை, குதித்துத்தான் சுற்ற வேண்டியிருக்கிறது.